வண்டி உண்டு, தாவளம் எங்கே?

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே கடைவீதியில் புழங்கும் எலப்புள்ளி வட்டார மக்களுக்குக் கடல் என்பது தூரத்து உறவினரைப் போன்றது. நல்ல நாள், பெரிய நாளில் போய்ப் பார்த்து வரலாம். நினைத்தபோதெல்லாம் பார்க்க முடியாது. ஆனால் இந்தப் பக்கத்து மழைநீர் போய்ச் சேருமிடம் கடல்தான். கோரையாற்றில் இறங்கி, கல்பாத்திப் புழையில் சேர்ந்து, பறளியில் கண்ணாடிப் புழையுடன் கூடி, பாரதப்புழையாகப் பொன்னானியில் அரபிக் கடலில் கலக்கிறது.

அந்தத் தண்ணீரின் வழியே குடும்பத்தோடு புறப்பட்டு, வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு, கடற்கரையில் இரண்டு நாள் தங்கி வந்தால் எப்படி இருக்கும்? படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள கேரவன் வண்டிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் இந்த ஆசை எழுகிறது. மேலைநாடுகளில் இது சாதாரணக் குடும்பங்களின் விடுமுறை வழக்கம். கேரள அரசும் 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. ஆசைக்கும் கடலுக்கும் இடையில் நிற்பது ஒரே ஒரு கேள்விதான்: வண்டியைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துவது?

பெயரிலேயே இருக்கும் பாடம்

இந்தக் கேள்வி நம் முன்னோர்களுக்குப் புதிதல்ல. சித்தூர் தாலுகாவில் உள்ள ஓர் ஊரின் பெயர் வண்டித்தாவளம். வண்டியும், அது தங்கும் தாவளமும் அந்தப் பெயரிலேயே சேர்ந்து நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாய், கொங்கு நாட்டையும் மலையாளக் கரையையும் இணைத்த பழைய வணிகப் பாதை. மாட்டுவண்டிகள் சரக்கோடு நாள்கணக்கில் போய் வந்த காலத்தில், மாட்டுக்குத் தண்ணீரும் வைக்கோலும், வண்டிக்காரருக்கு அடுப்புமூட்ட இடமும், களவு பயமில்லாத உறக்கமும் வேண்டியிருந்தன. தமிழ்நாட்டில் அதற்கு வண்டிப்பேட்டை என்று பெயர். கூடவே சத்திரம், தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கிக் கல். கேரளத்தில் வழியம்பலமும் அத்தாணியும் இதே வேலையைச் செய்தன.

கூண்டு வண்டியில் பானை, சட்டி, பாய், தலையணையோடு கோயில் திருவிழாவுக்குப் போய், ஆற்றங்கரையில் பொங்கித் தின்று, வண்டிக்கடியில் படுத்து எழுந்து வந்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகளுக்குக் கேரவன் என்ற சொல்தான் புதிது, விஷயம் பழையது. ஆனால் அன்று வண்டியோடு தாவளமும் இருந்தது. இன்று வண்டி முந்திக்கொண்டது, தாவளம் பின்தங்கிவிட்டது.

சபரிமலை செல்லும் அன்பர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மண்டல காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வரும் வேன்கள் நிற்பதற்கும், பக்தர்கள் குளித்து, சமைத்து, இளைப்பாறுவதற்கும் வழியெங்கும் அமைந்த இடங்களுக்குக் கேரளத்தில் 'இடத்தாவளம்' என்றே பெயர். தண்ணீர், கழிவறை, வெளிச்சம், வண்டி நிறுத்த இடம் ஆகிய நான்கும் சேர்ந்தால் தாவளம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் சாலையோரம்தான்.

குதிரை வண்டியில் தொடங்கியது

இன்பச் சுற்றுலாவுக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவனாகப் பலரும் குறிப்பிடுவது, 1885-இல் இங்கிலாந்தில் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் செய்வித்த குதிரை வண்டியை. அவர் கப்பற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுத்தாளர். தம் வண்டிக்கு 'நாடோடி' என்று பொருள்படும் பெயரிட்டு அதில் பிரிட்டனைச் சுற்றி வந்தார். 1907-இல் அந்நாட்டில் கேரவன் பயணிகளுக்கென ஒரு சங்கமே தோன்றிவிட்டது. மோட்டார் வண்டி பெருகியபின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கான முகாம் திடல்கள் எழுந்தன. பணம் கட்டினால் வண்டி நிறுத்த ஓர் இடம், மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவை இறக்க ஒரு தொட்டி கிடைக்கும்.

இந்தியாவில் மத்திய சுற்றுலா அமைச்சகம் கேரவன்களுக்கும் அவை தங்கும் முகாம் பூங்காக்களுக்குமான கொள்கையை 2009-இல் வெளியிட்டது. கேரளத்தின் திட்டம் 'கேரவன் கேரளா' என்ற பெயரில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. அன்றைய சுற்றுலா அமைச்சர் பி.ஏ. முகமது ரியாஸ் அதை அறிவித்தார். இருவர் தங்கும் வண்டி, நால்வர் தங்கும் வண்டி என இரு வகை. சோபாவாகவும் கட்டிலாகவும் மாறும் இருக்கை, குளிர்பெட்டியுடன் சிறு சமையலறை, சாப்பாட்டு மேஜை, கழிவறை, ஓட்டுநர் பகுதியைப் பிரிக்கும் தடுப்பு முதலியவை இருக்க வேண்டும் என விதித்தார்கள்.

வண்டி வாங்கி இத்தொழிலில் இறங்கும் முதல் 100 பேருக்கு ஏழரை லட்ச ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது மானியம் என அறிவிக்கப்பட்டது. அடுத்த 100 பேருக்கும், அதற்கடுத்த 100 பேருக்கும் படிப்படியாகக் குறைந்த தொகை. வண்டி தங்கும் பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும், ஐந்து வண்டிகள் நிற்க இடமும் வேண்டும் என்பது விதி. முதல் பூங்கா 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் திறக்கப்பட்டது.

முதல் தாவளம் மலையில் அமைந்ததில் வியப்பில்லை. மலையில் குளிர், ஏ.சி. வேண்டாம். நிலம் கெட்டி, சக்கரம் புதையாது. கடற்கரையில் கணக்கே வேறு. இடமும் நெருக்கடி, சட்டமும் கண்டிப்பு, மண்ணும் இளக்கம்.

மூணாறு பஸ் சொல்லும் செய்தி

வண்டியில் தங்குவது பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் மூணாற்றைப் பார்க்க வேண்டும். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020 நவம்பரில் தன் பழைய பஸ்களை மூணாறு பணிமனையில் நிறுத்தி, இருக்கைகளை எடுத்துவிட்டு, அடுக்குப் படுக்கைகளை அமைத்தது. ஒரு பஸ்ஸில் 16 பேர் படுக்கலாம். தொடக்கத்தில் ஒரு படுக்கைக்கு ஒரு இரவு வாடகை 100 ரூபாய். விடுதி அறைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க முடியாத இளைஞர்கள் இதைத் தேடி வந்தனர்.

அந்த பஸ்கள் ஓடுவதில்லை, ஆடம்பரமும் இல்லை. ஆனாலும் திட்டம் பிடித்துக்கொண்டதற்கு, மலிவு போக இன்னொரு காரணமும் உண்டு. அவை பணிமனைக்குள் நின்றன. அங்கே கழிவறை உண்டு, தண்ணீர் உண்டு, இரவில் ஆள் நடமாட்டமும் காவலும் உண்டு. அதாவது தாவளம் முன்பே இருந்தது. வண்டி பிறகு வந்து நின்றது. கடற்கரைக்குத் திட்டம் தீட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய வரிசை இதுதான்.

இதற்கு எதிர்மறையான பாடமும் கேரளத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள், 1990-களில் படகு வீடுகளாக மாறி உலகப் புகழ் பெற்றன. படகுகள் பெருகிய வேகத்தில் கழிவைக் கரையேற்றிச் சுத்திகரிக்கும் ஏற்பாடு பெருகவில்லை. விளைவு, வேம்பநாட்டுக் காயல் அழுக்கை ஏற்க நேர்ந்தது. காயலில் நடந்தது கடற்கரையிலும் நடக்க வேண்டுமா என்பதே கேள்வி.

தொட்டியும் பாட்டரியும்

தாவளம் இல்லாமல் வண்டி எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். கேரவனில் 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருப்பதாகக் கொள்வோம். நால்வர் ஆளுக்கு 20 லிட்டரில் குளித்தால் 80 லிட்டர் போயிற்று. சமையல், குடிநீர், பாத்திரம், கை கால் கழுவுதல், கழிவறை எல்லாம் சேர்ந்தால் மறுநாள் காலை தொட்டி வறண்டுவிடும். கடலில் குளித்துவிட்டு வந்தால் உப்பும் மணலும் போக இன்னொரு குளியல் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

தண்ணீர்க் கணக்கை எலப்புள்ளிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2025-இல் இந்தப் பஞ்சாயத்தில் மதுபான ஆலை அமைக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பியபோது, மக்கள் முதலில் கேட்ட கேள்வியே தண்ணீருக்கு எங்கே போவீர்கள் என்பதுதான். அதே கேள்வியைக் கடலோரத்து மக்களும் கேட்பார்கள். சுற்றிலும் தண்ணீர் இருந்தும், கிணற்றில் உப்பு ஏறிக் குடிநீருக்குக் குழாயை நம்பியிருக்கும் கடலோரக் குடியிருப்புகள் பல. அவர்கள் குழாயில் பயணிகள் தொட்டி நிரப்புவது நியாயமாகாது.

அடுத்தது மின்சாரம். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் அடங்குவது சுமார் 2.4 யூனிட். ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுத்தால், இரண்டு மணி நேரத்தில் பாட்டரி படுத்துவிடும். மாறாக, 30 வாட் சிறு மின்விசிறி ஒன்று எட்டு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்தான். இரண்டு விசிறி, மூன்று விளக்கு, கைபேசிகளுக்கு மின்னேற்றம் என்று நிறுத்திக்கொண்டால் ஓர் இரவு நிம்மதியாகக் கழியும். இரவு முழுவதும் ஏ.சி. வேண்டுமானால் வெளி மின் இணைப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில் மனம் ஜெனரேட்டரை நாடும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

உயிரைப் பறித்த புகை

கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தது 2024 டிசம்பரில் தெரியவந்தது. ஜெனரேட்டரிலிருந்து வெளியான கார்பன் மோனாக்சைடு வாயு வண்டிக்குள் புகுந்ததே மரணத்துக்குக் காரணம் என்று ஆய்வில் வெளிப்பட்டது. வண்டிக்குள் இளைப்பாறியவர்கள் உயிர் மீளவில்லை.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகள்கூடத் தெரிவதில்லை. எரிபொருள் எரியும் இடமெல்லாம் இந்தப் பயம் உண்டு. எஞ்சினை ஓட விட்டுத் தூங்குவது, மூடிய வண்டிக்குள் கரி அடுப்பு வைப்பது, அடுப்பை அணைக்காமல் விடுவது எல்லாம் ஒன்றே.

எனவே, கேரவன் வாடகைக்கு எடுப்பவர்கள் மெத்தையின் மென்மையைப் பார்ப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு வந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி உண்டா? ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, அதன் புகைக் குழாய் எந்தப் பக்கம் போகிறது? தரையிலோ சுவரிலோ கம்பி, குழாய் செல்லும் துளைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா? தீயணைப்புக் கருவி இருக்கிறதா? அவசரத்துக்கு வெளியேற இரண்டாவது வழி உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காத வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். தங்கும் இடத்தில் மின் இணைப்பு இருந்தால் ஜெனரேட்டருக்கே வேலை இல்லை. தாவளம் என்பது வசதிக்கு மட்டுமல்ல, உயிருக்கும் காவல்.

கடல் வரைந்த கோடு

கடற்கரையில் வண்டி நிறுத்துவது என்றதும் பலர் நினைவுக்கு வருவது கண்ணூருக்கும் தலைச்சேரிக்கும் இடையே உள்ள முழப்பிலங்காடு. சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு இறுகிப் படிந்த மணல். அலையின் ஓரமாகவே கார் ஓட்டிச் செல்லலாம். ஆனால் கார் ஓடுகிற மணல் வேறு, கேரவன் நிற்கிற மணல் வேறு. பஸ் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்ட கேரவன் பல டன் எடையுள்ளது. ஓடும்போது தாங்கிய மணல், நின்ற பிறகு சக்கரத்தைச் சுற்றி ஈரம் ஊறியதும் இளகிவிடும். அலை ஏறும் நேரத்தில் சிக்கிக்கொண்ட வண்டியைத் தள்ளி எடுக்க முடியாது. ஆகவே கேரவன் எந்தக் கடற்கரையிலும் மணலில் இறங்கலாகாது. செம்மண்ணோ சரளையோ இட்டுக் கெட்டிப்படுத்திய தரையில்தான் நிற்க வேண்டும்.

கேரளக் கரையில் வேலியேற்றத்தின் உயரம் பொதுவாக ஒரு மீட்டருக்கு அதிகமில்லை. அதை நம்பி ஏமாறுபவர்களுக்குக் 'கள்ளக்கடல்' பாடம் கற்பிக்கும். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயல் எழுப்பும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத நேரத்தில் திருடனைப் போலக் கரையேறுவதால் மீனவர்கள் அதற்கு இட்ட பெயர் இது. 2012-இல் யுனெஸ்கோ இந்தச் சொல்லை அறிவியல் வழக்காகவே ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச் 31-இல் கேரளத்தின் பல கடலோரப் பகுதிகளில் கடல் இப்படி உட்புகுந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுக்கிறது. பயணம் புறப்படும் முன் அதைப் பார்ப்பது, டயரில் காற்றுப் பார்ப்பதைப் போன்ற அவசியம்.

சட்டமும் ஒரு கோடு வரைந்திருக்கிறது. மத்திய அரசு 2019 ஜனவரியில் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பின்படி, கரையோரத்தில் நிரந்தரக் கட்டடங்களுக்குப் பல தடைகள் உண்டு. கழிவறை, உடை மாற்றும் அறை போன்ற தற்காலிகச் சுற்றுலா வசதிகளை, உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் விட்டு, உரிய அனுமதியோடு அமைக்க வழி இருக்கிறது. கேரவன் தாவளத்துக்குப் பெரிய கட்டடம் வேண்டாம் என்பது இங்கே அனுகூலம். ஆனால் கழிவுக் குழியைக் கடலோர மணலில் தோண்டிவிட்டால் அந்த அனுகூலம் பாழாகும். மணல் எதையும் தாங்கி வைக்காது. கழிவு பக்கத்துக் கிணற்றுக்குப் போய்விடும்.

இன்னொரு விருந்தாளியையும் நினைவில் கொள்ள வேண்டும். திருச்சூர் மாவட்டம் சாவக்காடு கடற்கரை போன்ற இடங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. மனிதர்களுக்கு உல்லாசமான பனிக்காலமே அவற்றுக்கும் முட்டையிடும் பருவம். வண்டிச் சக்கரம் கூட்டை நசுக்கும். வண்டி விளக்கின் வெளிச்சம், கடலை நோக்கிப் போக வேண்டிய குஞ்சுகளைத் தரைப்பக்கம் இழுக்கும். இந்த ஆமைகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பாட்ரே தீவில், தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கீழ் உள்ள கடற்கரையில் கேரவன்கள் தங்குகின்றன. அதே கரையில்தான் அரிய வகைக் கடலாமைகளும் முட்டையிடுகின்றன. அங்கே தொடர்ந்து தங்குவதற்கு 14 நாள் வரம்பு உண்டு. கழிவு இறக்கவும் தண்ணீர் நிரப்பவும் தனி இடம் உண்டு. மணலில் வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆமையும் பயணியும் ஒரே கரையில் இருக்க முடிவது இந்த விதிகளால்தான்.

கரையின் சொந்தக்காரர்கள்

சுற்றுலாப் படங்களில் கடற்கரை வெறிச்சென்று இருக்கும். உண்மையில் அது மீனவர்களின் களம். வள்ளம் இறக்கும் வழி, வலை உலர்த்தும் இடம், மீன் பிரிக்கும் திடல், குழந்தைகள் பந்தாடும் மைதானம் எல்லாம் அந்தத் துண்டு மணல்தான். காட்சி நன்றாக இருக்கிறதென்று வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டால், விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் புறப்படுபவர் வந்து கதவைத் தட்டுவார். அவர் மேல் குற்றமில்லை.

2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. உள்நாட்டு ஊர்கள் மூழ்கியபோது, கடலோர மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். அன்று அவர்கள் வாழ்வாதாரம் லாரியில் ஏறி உள்நாட்டுக்கு வந்தது. இன்று உள்நாட்டார் வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போகும்போது, அனுமதி கேட்டு நிறுத்துவது குறைந்தபட்ச மரியாதை.

மரியாதையோடு வருமானமும் சேர்ந்தால் உறவு நிலைக்கும். தாவளத்தைப் பராமரிப்பது, மீன் குழம்பும் சோறும் சமைத்துத் தருவது, காவல் பார்ப்பது, கடலில் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று காட்டுவது ஆகிய வேலைகளை அந்தந்தக் கடலோரக் குடும்பங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுத்தால், வண்டிகள் வருவதை அவர்களே விரும்புவார்கள். குப்பைக்கும் வழி இருக்கிறது. வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்கும் ஹரித கர்ம சேனை, கட்டணம் பெற்றுக்கொண்டு கேரவன் வாசலிலும் வந்து நிற்கலாம்.

எலப்புள்ளியிலிருந்து புறப்படுவோருக்கு

எலப்புள்ளியிலிருந்து பொன்னானிக் கரையோ, சாவக்காடோ, தளிக்குளம் சிநேகதீரமோ சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவுக் கணக்கில் வரும். திருச்சூர் வழியே செல்பவர்களுக்கு, முன்பு மணிக்கணக்கில் மறித்து நின்ற குதிரான் மலை இப்போது தடையில்லை. 2021 ஜூலை 31-இல் அங்கே சுரங்கப் பாதையின் முதல் குழாய் திறக்கப்பட்டது. கடலோரச் சிற்றூர்ச் சாலைகள்தான் குறுகல்; தாழ்ந்த மின்கம்பிகளும் தென்னங்கீற்றுகளும் உயரமான வண்டிக்குத் தொல்லை. பகலிலேயே போய்ச் சேர்வது நல்லது.

பயணத்துக்கு உகந்த காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கணவாயின் கிழக்குக் காற்று எலப்புள்ளிப் பனைகளை ஆட்டும் அந்த மாதங்களில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் வீசுவதால், கொசுவலையிட்ட ஜன்னலைத் திறந்து வைத்தால் ஏ.சி.யின் நினைப்பே வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலோர முகாம் கூடவே கூடாது. மீன்பிடிப்பவர்களே விசைப்படகுகளைக் கட்டிப்போடும் காலம் அது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள்கள் இழுவலைத் தடை நடைமுறையில் இருந்து வருகிறது.

வண்டியைத் தென்னை மரத்தடியில் நிறுத்த வேண்டாம். தேங்காய்க்குக் கண் உண்டு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். முன்புறம் சாலையைப் பார்த்து நிறுத்தினால் அவசரத்தில் உடனே கிளம்பலாம். திரும்பி வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு இரும்பைத் தின்றுவிடும். கழிவுத் தொட்டியை எங்கே இறக்குவது என்று தெரியாமல் புறப்படவே கூடாது. தனியார் விடுதி வளாகத்திலோ, வீட்டுத் தோப்பிலோ முன்கூட்டியே பேசி, தண்ணீர், மின் இணைப்பு, கழிவறை மூன்றும் உறுதி செய்துகொண்டு போவதே இன்றைய நிலையில் நடைமுறைக்கு உகந்த வழி. கேரவன் கிடைக்காதவர்கள் சாதாரண வேனில் பாயும் பாத்திரமுமாகப் போனாலும் விதி இதேதான்.

பஞ்சாயத்துகள் கையில்

ஒரு கடலோரப் பஞ்சாயத்து மனம் வைத்தால், அலைக் கோட்டைத் தாண்டிய 50 சென்ட் புறம்போக்கோ, ஆண்டில் பாதி நாள் காலியாகக் கிடக்கும் சந்தைத் திடலோ தாவளமாகலாம். ஐந்து வண்டி நிற்கக் கெட்டித் தரை, மீட்டர் வைத்த மின் இணைப்பு, ஒரு குழாய், நான்கு கழிவறை, கசியாத கழிவுத் தொட்டி, அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் லாரியுடன் ஓர் ஒப்பந்தம், ஒரு காவலாளி. மானியம் கொடுத்து நூறு வண்டிகளைச் சாலைக்குக் கொண்டுவருவதற்கு முன், இத்தகைய பத்து இடங்களைக் கரையோரம் அமைத்திருந்தால், வண்டிகள் தாமாகவே வந்திருக்கும்.

இதில் எலப்புள்ளிக்கும் பங்கு உண்டு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் வண்டிகள் கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை கடந்து இந்த வழியேதான் பாலக்காட்டை அடைகின்றன. போகிற வண்டி ஒரு வேளை இளைப்பாறினாலும், இட்லிக் கடைக்கும் இளநீர்க் கடைக்கும் டயர்ப் பட்டறைக்கும் வியாபாரம். மாட்டுவண்டிக் காலத்தில் இந்தக் கணவாய் பிழைத்ததே வழிப்போக்கர்களால்தான்.

கடலைப் பார்க்கும் ஆசை குற்றமல்ல. அலை ஓசையில் கண்ணயர்ந்து, விடியலில் வள்ளங்கள் கரை திரும்புவதைக் குழந்தைகளுக்குக் காட்டும் பாக்கியம், கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்கும் கிட்ட வேண்டியதுதான். அதற்குச் சாலையோரத்தில் உயிரைப் பணயம் வைக்கவும் வேண்டாம். மீனவர் வாசலை அசுத்தம் செய்யவும் வேண்டாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட இடம் பார்த்த பின்பே வண்டி பூட்டியவர்கள் நம் பெரியவர்கள். மோட்டார் வண்டிக்கும் அந்த ஒழுங்கே பொருந்தும்.